மதகு திறந்த குற்றம்

மடுவூர் நாடு எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். வழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அங்கே ஒரு பெரிய ஏரி உண்டு. ஏரிக்குக் கீழே ஊர் உண்டு. ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கட்சிகள் பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மன்னருக்கு முடிசூட்டிய அன்று நடந்த விருந்தில் ரசம் வாய்க்கு விளங்கவில்லை. பந்தியில் பாதிப் பேர் உப்பு குறைவு என்றார்கள். மீதிப் பேர் புளி குறைவு என்றார்கள். கை கழுவுவதற்குள் வாக்குவாதம் முற்றி, எச்சில் இலைகள் பறந்து, உப்புக் கட்சி என்றும் புளிக் கட்சி என்றும் நாடு இரண்டாகிவிட்டது. ரசம் வைத்த சமையல்காரரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்னர் விவரமானவர். இவர்களில் ஒரு கட்சியின் கையில் ஏரியைக் கொடுத்தால் அது மற்ற கட்சியை மூழ்கடித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் மதகின் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டார். ஒரு சாவி உப்புக் கட்சிக்கு, இன்னொன்று புளிக் கட்சிக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் கதவு மேலே எழும்பும். அந்தந்தக் கட்சியின் வட்டக் குழு தன் சாவியாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

ஜனங்கள் இதோடு தங்கள் பங்குக்கு ஒரு சடங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு வசவுச் சடங்கு என்று பெயர். மதகு திறக்கிற நாளில் இரண்டு சாவியாளர்களும் கரைமேல் எதிரெதிரே நின்று, மேளம் முழங்க, காலையிலிருந்து உச்சிவெயில் வரை ஒருவரையொருவர் திட்ட வேண்டும். ஊரே கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வந்து கேட்கும். தொண்டை கட்டிய பிறகு, வேறு வழியே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு இருவரும் சாவியைத் திருப்புவார்கள். தண்ணீர் பாயும். எல்லோரும் வீட்டுக்குப் போய் உப்பும் புளியும் போட்ட குழம்பைச் சாப்பிடுவார்கள். பைத்தியக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பல தலைமுறை அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் பசியில்லாமல் பிழைத்தது.

அப்படியிருந்த நாட்டில் ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. அப்போது உப்புக் கட்சியின் சாவியாளர் செங்கமலம். நாற்றங்கால் வேலையில் கை காய்த்த பெண்மணி. புளிக் கட்சியின் சாவியாளர் உலகளந்தான். மாட்டு வைத்தியம் பார்ப்பவர். இருவரும் தனித்தனியாகக் குடை பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். கரையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் கசிந்து மண் குழைந்துகொண்டிருந்தது. நேர் கீழே கீழ்த்தெரு. இரண்டு கட்சிக்காரர்களும் கலந்து குடியிருக்கும் தெரு அது.

"தங்கச்சி, மேளக்காரங்க இன்னும் வரல," என்றார் உலகளந்தான்.

"வந்தா மட்டும்? உச்சி வரைக்கும் நீங்க என்னையும் நான் உங்களையும் திட்டிக்கிட்டு நின்னா, கரை நிக்குமாண்ணே?"

உலகளந்தான் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். கணுக்கால் வரை இறங்கியது.

"நிக்காது."

"அப்ப திட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சாவியப் போடுங்க. சரியா?"

"சரி," என்றார் உலகளந்தான்.

இரண்டு சாவிகளும் ஒன்றாகத் திரும்பின. கதவு எழும்பியது. வெள்ளம் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போயிற்று. ஏரி அடங்கியதும் கதவை இறக்கிப் பூட்டினார்கள். கீழ்த்தெருவில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. தெருமுனை வீட்டிலிருந்து வேதவல்லி என்கிற அம்மாள் நனைந்துகொண்டே கரையேறி வந்து, இருவருக்கும் சூடாகச் சுக்குத் தண்ணீர் கொடுத்தார். "மகராசியா இரும்மா, நீங்களும் நல்லா இருக்கணும்ண்ணே," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வேதவல்லி, உப்புக் கட்சியின் வட்டத் தலைவர் தில்லைநாயகத்தின் மனைவி.

தலைநகரத்தில் இருந்த கட்சிப் பெருந்தலைவர் செய்தி கேட்டு மகிழ்ந்து, செங்கமலத்துக்கு ஒரு பொன்னாடை அனுப்பினார். பொன்னாடை வந்து சேர்வதற்குள் வட்டக் குழு கூடிவிட்டது. தில்லைநாயகம் மேடையேறியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. இழவு விழுந்த வீட்டுக்காரர்போல நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தோழர்களே! நம் வரலாற்றில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. ஏரி திறக்கப்பட்டிருக்கிறது. வசவின்றி! ஒரே ஒரு சுடுசொல்லுமின்றி!"

கூட்டம் அதிர்ச்சியில் உறைந்தது. பின்வரிசையில் ஒரு முதியவர் மயங்கிச் சாய்ந்தார். அவருக்கு விசிறிவிட்டார்கள்.

"தலைவரே," என்று செங்கமலம் எழுந்தாள். "கரை உடைய இருந்துச்சு. உங்க வீடும் கீழ்த்தெருவுலதானே இருக்கு? நேத்து ராத்திரி காலை நீட்டித் தூங்கினீங்களா இல்லையா?"

"என் உறக்கம் என் சொந்த விஷயம். கொள்கை கட்சியின் விஷயம். இரண்டையும் குழப்பாதே அம்மா."

"தெருவே பொழச்சிருக்குங்க."

"பிழைத்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படிப் பிழைத்தது? எதிரியோடு சேர்ந்து பிழைத்தது!"

பிறகு சாட்சி விசாரிக்கப்பட்டது. சாட்சி வேறு யாருமில்லை, வேதவல்லிதான். கணவரே மேடைக்கு அழைத்து, எல்லோர் முன்பாகவும் கேட்டார். சாவியைத் திருப்புவதற்கு முன் அவர்கள் என்ன பேசினார்கள்?

அந்த அம்மாள் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "நான் கரையேறிக்கிட்டிருந்தேங்க. இவங்க சரியான்னு கேட்டாங்க. அவரு சரின்னாரு. வேற ஒண்ணுமில்லீங்க."

"கேட்டீர்களா தோழர்களே? சரி! எதிரியின் வாயிலிருந்து சரி! அதைக் கேட்டு வாங்கியவர் நம்முடைய சாவியாளர்!"

அவமானம் தாங்காமல் கூட்டம் எழுந்து நின்றது. "நீயும் அங்க சுக்குத் தண்ணி குடுத்தியாமே?" என்று யாரோ பக்கத்திலிருந்து வேதவல்லியைக் கேட்டார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சபையில் கும்பிட்டுச் சொன்னார். நன்றி சொன்ன வாய் மன்னிப்புக் கேட்க ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று உள்ளே புகுந்த பயம் அந்த அம்மாளை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

செங்கமலத்தின் சாவி பறிக்கப்பட்டது. அவளுக்கு உப்பு விலக்கு விதிக்கப்பட்டது. அதாவது, கட்சிக்காரர் யாரும் அவளுக்கு உப்பு விற்கவோ கடன் கொடுக்கவோ கூடாது. உப்புக் கட்சி முந்திக்கொண்டதே என்ற பதற்றத்தில் புளிக் கட்சியின் வட்டத் தலைவர் கொழுந்துவேலும் அன்றைக்கே கூட்டம் போட்டு, உலகளந்தானை நீக்கி, புளி விலக்கு விதித்தார். இரண்டு கூட்டங்களின் தீர்மானங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உப்பு, புளி என்ற இரண்டு சொற்களைத் தவிர வித்தியாசம் கிடையாது. ஒத்துப்போவதைக் கண்டித்து இவ்வளவு ஒத்துப்போனவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெருந்தலைவர், "வட்டத்தின் உணர்வை மதிக்கிறேன்" என்று ஓர் அறிக்கை விட்டுவிட்டு, பொன்னாடையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். திரும்பி வந்ததை மடித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆணைகள் வரத் தொடங்கின.

'சரி' என்ற சொல் முதலில் தடை செய்யப்பட்டது. அதனால் கட்சிக் கூட்டங்களிலேயே சிக்கல் வந்தது. தீர்மானத்துக்கு ஒப்புதல் தருபவர்கள் வாயைத் திறக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தரையைப் பார்ப்பதே ஒப்புதல் என்று இன்னோர் ஆணை போட்டுச் சமாளித்தார்கள். அடுத்த ஆணை அடுப்படிக்குள் வந்தது. உப்புக் கட்சி வீட்டில் புளி இருக்கக் கூடாது, புளிக் கட்சி வீட்டில் உப்பு இருக்கக் கூடாது. சோதனைக்கு வந்த தொண்டர்கள் குழம்புச் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் சாப்பிடாமல் எழுந்து ஓடின. உப்பில்லாத புளித்தண்ணீரைக் குடித்துப் பாதி ஊருக்கு வயிறு எரிந்தது, மீதி ஊர் உப்புநீரில் சோற்றைப் பிசைந்து தின்று தாகத்தில் தவித்தது. இரு தரப்பும் வெளியே வந்து, எங்கள் வீட்டுச் சமையல் இப்போதுதான் தூய்மையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டன.

புதிய சாவியாளர் தேர்தல் வந்தது. உப்புக் கட்சியில் தில்லைநாயகமே நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், "எதிரி இருக்கும்போது மதகுப் பக்கம் போகவே மாட்டேன்" என்று வாக்குறுதி கொடுத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. தோற்றுவிடுவோம் என்று தில்லைநாயகத்துக்குப் பட்டது. மேடையில் சாவியை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"போக மாட்டேன் என்பவர் நாளைக்கு மனம் மாறலாம். என்னால் மாறவே முடியாதபடி செய்கிறேன். இந்தச் சாவியை உருக்கிப் பதக்கமாக்கி என் மார்பில் அணிவேன்!"

கூட்டம் அழுதுவிட்டது. அவ்வளவு உணர்ச்சி. அவர் ஏகமனதாக வென்றார். தட்டாரை மேடைக்கே வரவழைத்து, உலை மூட்டி, சாவியை உருக்கினார்கள். அடுத்த வாரம் கொழுந்துவேலும் தன் கட்சிச் சாவியை உருக்கி, இதைவிடக் கொஞ்சம் பெரிய பதக்கமாகச் செய்துகொண்டார். பெரிதாக்குவதற்கு ஈயம் கலந்ததாகப் பேச்சு.

கோடை வந்தது. ஏரியில் தண்ணீர் தளும்பி நின்றது, வயல் வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கால் இடறி விழுந்த மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க உலகளந்தானைக் கூப்பிட முடியாது. விலக்கப்பட்டவர். பெண்கள் குடத்தில் ஏரித் தண்ணீரைச் சுமந்துவந்து நாற்றுக்கு ஊற்றினார்கள். விளைச்சல் பொய்த்தது. "தண்ணீர் இல்லாமல் நாம் காய்கிறோம் என்பது உண்மை. ஆனால் அவர்களும் காய்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது," என்று தில்லைநாயகம் பேசினார். அந்தப் பேச்சுக்கும் கைதட்டினார்கள். கையில் தெம்பு குறைந்திருந்ததால் சத்தம்தான் கம்மி.

மறுபடி ஐப்பசி. மறுபடி அதே மழை. இந்தத் தடவை ஏரி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

ஒரு பிற்பகலில் செங்கமலத்தின் வாசலில் தில்லைநாயகம் வந்து நின்றார். குடை இல்லை. பதக்கம் மட்டும் நெஞ்சில் தொங்கியது. மேடைத் தமிழ் அவரை விட்டு ஓடியிருந்தது.

"ஏம்மா செங்கமலம், கரை குழையுது. எம் பொஞ்சாதி கீழ்த்தெருவுல வீட்டுல இருக்கா. வெளிய வரச் சொன்னா, வட்டக் குழு சொல்லாம வரக் கூடாதுன்னு நீங்கதானே ஆணை போட்டீங்கங்கிறா. மதகத் திறக்க ஏதாவது வழி உண்டா? நீ பழக்கப்பட்டவ."

"வழி கழுத்துல தொங்குதே தலைவரே."

அவர் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அதைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைபோல விசும்பினார். செங்கமலத்துக்கு அவர்மேல் பொல்லாத கோபம் இருந்தது. ஆனாலும் தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டு, உலகளந்தான் வீட்டுப் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினாள்.

கரைமேல் அவர்கள் கண்ட காட்சியை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கட்சித் தொண்டர்களும் எதிரெதிரே நின்று வசவுச் சடங்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். திறக்கச் சாவி இல்லை. திறக்கும் எண்ணமும் இல்லை. மழை வந்தால் திட்ட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு நினைவிருந்தது. உலகளந்தான் கடப்பாரையால் இரும்புக் கதவை நெம்பிப் பார்த்தார். கடப்பாரை வளைந்தது. "எங்க மதகத் தொடாதடா துரோகி!" என்று இரண்டு பக்கத்தாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் சேர்ந்து சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

கரை உடைந்தது.

கீழ்த்தெருவை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. செங்கமலம் ஒரு பக்கமும் உலகளந்தான் மறுபக்கமும் நின்று, புளியமரத்தில் கயிற்றைக் கட்டி, மிதந்து வந்தவர்களை இழுத்துப் போட்டார்கள். முதலில் சிக்கியவர் தில்லைநாயகம். மனைவியைத் தேடித் தண்ணீரில் இறங்கியவரை வெள்ளம் புரட்டிவிட்டது. உலகளந்தான் நீட்டிய கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மேலேறினார். பின்னாலேயே கொழுந்துவேல் வந்தார். அவரைச் செங்கமலம் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அவருடைய தம்பி வாகீசன் அவளுடைய கைக்கு அருகே வந்து, யாருடைய கை என்று பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெள்ளம் அவனைக் கொண்டுபோயிற்று.

வேதவல்லி கடைசியாக வந்தார். ஒரு கதவுப் பலகையைப் பிடித்திருந்தார்.

"கையக் குடுங்கம்மா!" என்று உலகளந்தான் குனிந்தார்.

அந்த அம்மாள் கையைப் பாதி தூக்கினார். மேலே கரையில் நின்றவர்களைப் பார்த்தார். உப்புக் கட்சித் தொண்டர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்ண்ணே. பாத்துக்கிட்டிருக்காங்க. அவருக்குத்தான் கெட்ட பேரு."

தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். "வல்லி! புடிச்சுக்கடி! நானும் அந்தக் கையப் புடிச்சுத்தான்டி வந்தேன்!" என்று தில்லைநாயகம் அலறியது மேளச் சத்தத்தில் அந்த அம்மாளுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. பலகை சுழன்று போய்விட்டது.

இத்தோடு ஊர் திருந்தியிருக்கும் என்று எண்ணுகிறவர்கள் நல்லவர்கள். அவர்கள் மடுவூரில் பிறக்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு வட்டக் குழுக்களும் விசாரணை நடத்தின. கரை ஏன் உடைந்தது என்று அல்ல. யார் யாருடைய கையைப் பிடித்தார்கள் என்று. எதிர்க்கட்சிக் கையைப் பிடித்தவர்கள், விலக்கப்பட்டவர் கையைப் பிடித்தவர்கள் அனைவரும் நீக்கப்பட்டார்கள். தில்லைநாயகத்தின் பதக்கத்தைப் பிடுங்கி, "சாவியை உருக்கியவர் கையையும் அல்லவா வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்?" என்று புதிய வட்டத் தலைவர் கேட்டார். கூட்டம் தரையைப் பார்த்து ஒப்புதல் தந்தது.

உடைந்த கரையைக் கட்டினார்கள். மதகுக்கு மரபுப்படி இரண்டு பூட்டு, இரண்டு புதுச் சாவி. சாவியாளராக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது இரண்டு கட்சிகளும் ஒரு முடிவுக்கு வந்தன. உயிரோடு இருக்கிற எவரையும் நம்ப முடியாது. ஆகவே, எதிரி நீட்டிய கையைப் பிடிக்காமல் மாசற்று மறைந்த வேதவல்லி அம்மையார் உப்புக் கட்சியின் சாவியாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புளிக் கட்சி வாகீசனைத் தேர்ந்தெடுத்தது. இருவருமே பதவியை மறுக்கவில்லை. ஏரிக்கரை இடுகாட்டில், வெள்ளம் வடிந்தபின் கண்டெடுத்து அடக்கம் செய்திருந்த அவர்களுடைய குழிகளில் சாவிகளை மரியாதையோடு புதைத்தார்கள். இரண்டு கட்சிப் பிணங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது தகாது என்று நடுவே ஆளுயரச் சுவர் எழுப்பினார்கள். ஊரில் வீடில்லாமல் கிடந்தவர்களுக்குக் கிடைக்காத செங்கல் சுவருக்குக் கிடைத்தது.

அடுத்த மழை பருவம் தவறி, முன்கூட்டியே வந்தது. பச்சை மண்ணில் கட்டிய கரை முதல் நாளே கசிந்தது. செங்கமலமும் உலகளந்தானும் மதகுமேல் போய் நின்றுகொண்டார்கள். "சாவியக் கொண்டாங்க. திருப்பறது எங்க பொறுப்பு," என்று தில்லைநாயகத்திடம் சொல்லி அனுப்பியிருந்தாள் செங்கமலம்.

அவர் மனைவியின் குழிமேட்டில் முழங்காலிட்டு மண்ணைக் கையால் வாரிக்கொண்டிருந்தார். மண்வெட்டி எடுக்க மனம் வரவில்லை. "கோவிச்சுக்காதடி வல்லி, கொஞ்சம் பொறுத்துக்க," என்று சொல்லிக்கொண்டே வாரினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. மழை வலுத்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ மூச்சிரைக்க மண்ணை வாரும் சத்தம் கேட்டது. யாரென்று அவருக்குத் தெரிந்தது.

இரும்பு விரலில் தட்டியபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தில்லை... கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு கொழுந்து. உனக்கு?"

"கெடச்சிருச்சு. ஓடலாமா? சரியா?"

தில்லைநாயகம் ஈரச் சாவியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி," என்றார்.

இடுகாட்டு வாசலை மறித்துக்கொண்டு இரண்டு கட்சித் தொண்டர்களும் நின்றார்கள். மேளக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கரையிலிருந்து மண் பொத்பொத்தென்று சரிந்து விழுந்துகொண்டிருந்தது. மதகுமேல் இரண்டு பேர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய வட்டத் தலைவர் முகம் வெளுத்து ஓரடி முன்னால் வந்தார். தில்லைநாயகத்தின் கையில் இருந்த சாவியை அவர் பார்க்கவே இல்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.